'பதேர் பாஞ்சாலி' கைமாறிய வரலாறு

வங்க நாவலாசிரியர் விபூதிபூஷண் பந்த்யோபாத்யாயர் (1894–1950) இயற்றிய 'பதேர் பாஞ்சாலி' 1929-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் நூலுருப் பெற்றது. நிச்சிந்திபுரம் என்னும் சிற்றூரில் வறிய அந்தணக் குடும்பமொன்றில் பிறந்த அபு என்னும் சிறுவன், தமக்கை துர்காவோடு தோப்பும் காடும் திரிந்து வளர்ந்து, தமக்கையை இழந்து, ஊரைப் பிரிந்து, தந்தையையும் இழந்து உலகறியத் தொடங்கும் வரையிலான கதை அது. இந்நாவல் எவ்விடத்தில் முடிகிறது என்று நம் மாணவரை வினவினால், குடும்பம் ஊரைவிட்டு வண்டியேறும் இடத்தில் முடிகிறது என்றே பெரும்பாலோர் விடை கூறுவர். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. திரைப்படத்தைக் கண்டும், ஆங்கில மொழிபெயர்ப்பைப் படித்தும், முழுநூலையும் அறிந்துவிட்டதாகவே பல்லாண்டு நம்பியிருந்தோம்.

உண்மையில் அவ்விடத்தில் நாவல் முடியவில்லை. அதன்பின் மூன்றாம் பகுதி ஒன்று உண்டு. அது நூலின் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அளவினது. ஒரு நாவலின் ஐந்தில் ஒரு பங்கு, அந்நாவலைப் பெரிதும் விரும்பியவர் கைகளிலேயே உதிர்ந்துபோனது எவ்வாறு என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவது. பகைவர் சிதைத்த நூல்கள் உலகில் பல உள. இஃது அன்பர் சிதைத்த நூல். 'இதைப் படித்துப் பாருங்கள்' என்று ஒருவர் மற்றொருவரிடம் கொடுக்குந்தோறும் சிறிது சிறிதாக வடிவு மாறி வந்த நூலின் வரலாறு இது.

முதற்கண் ஆசிரியரின் வாழ்வைச் சிறிது நோக்குதல் வேண்டும். விபூதிபூஷண் 1894-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் நாள் தாய்மாமன் ஊரிற் பிறந்தார். அவர் தந்தைவழிச் சொந்த ஊர், இச்சாமதி ஆற்றங்கரையில் பனகாங் நகருக்கு அண்மையிலுள்ள பாராக்பூர். கல்கத்தாவுக்கு அருகே படைவீடு அமைந்த பாரக்பூர் வேறு, இது வேறு. பெயரொற்றுமையால் இரண்டையும் ஒன்றாகக் கொள்வாரும் உளர். தந்தையார் புராணங்களை ஊர்தோறும் விரித்துரைக்கும் கதகர், வடமொழி வல்லவர், ஆயினும் வறியவர். நாவலில் வரும் ஹரிஹரர் என்னும் தந்தையை அவர் எங்கிருந்து பெற்றார் என்பது இதனால் விளங்கும். விபூதிபூஷண் கல்கத்தா ரிப்பன் கல்லூரியிற் பயின்று 1918-இல் பட்டம் பெற்றார். பின்னர்ப் பள்ளியாசிரியராகவும், கேலாத் கோஷ் குடும்பத்தாரின் நிலக்கிழமையில் பாகல்பூரிலிருந்து பணியாற்றும் துணை மேலாளராகவும் வாழ்ந்தார். காடுகளைத் திருத்திக் குத்தகைக்கு விடுவது அவ்வலுவலின் தொழில். 'ஆரண்யக்' (1939) என்னும் பிற்கால நாவல் அக்காடுகளிலிருந்தே பிறந்தது.

'பதேர் பாஞ்சாலி'யும் பெரும்பகுதி பாகல்பூரில்தான் எழுதப்பட்டது என்பது ஈண்டுக் கருதற்குரியது. 1925-இல் தொடங்கி 1928-இல் முடிந்த அவ்வெழுத்து, வங்காளச் சிற்றூரில் அமர்ந்து எழுதப்பட்டதன்று. மூங்கிற் புதரும் குளமும் மாந்தோப்பும் சூழ்ந்த தம் ஊரைவிட்டு நெடுந்தொலைவில், பீகார் நாட்டின் வறண்ட காட்டுவெளிகளைக் கண்டுகொண்டிருந்த ஒருவரின் எழுத்து அது. கண்முன் உள்ளதைப் பார்த்து எழுதியவருக்கும் கண்முன் இல்லாததை நினைந்து எழுதியவருக்கும் வேறுபாடு உண்டு. ஒரு கொடியின் பெயர், ஒரு காய் பழுக்கும் மாதம், மழைக்கு முன் எழும் மண்மணம் என இந்நாவலில் சிறுபொருள்கள் அத்துணைத் துல்லியமாக வந்து குவிவதற்கு இத்தொலைவே காரணம் என்பது நம் துணிபு.

நூலின் முதற்கேட்பினரும் அத்தகையோரே. கல்கத்தாவில் மிர்சாப்பூர்த் தெருவில் இருந்த விடுதியொன்றில் விபூதிபூஷண் சிலகாலம் தங்கியிருந்தார். அக்காலக் கல்கத்தாவில் 'மெஸ்' என்று வழங்கிய இவ்விடுதிகள், சிற்றூர்களிலிருந்து படிப்புக்கும் எழுத்தர் வேலைக்கும் வந்த இளைஞர்கள் கூட்டாகச் சமையல் வைத்து வாழ்ந்த இடங்கள். ஊரில் தாயும் மனைவியும் இருப்பர். இவர் இங்கே ஒரு கட்டிலும் ஒரு பெட்டியுமாக இருப்பர். விபூதிபூஷணின் கல்லூரித் தோழரும் பிற்காலத்தில் ஆங்கில எழுத்தாளராகப் புகழ்பெற்றவருமான நீரத் சௌதுரி அவ்விடுதியில் உடனுறைந்தவர். நாவலை முடிக்குமாறு தூண்டியவர்களுள் அவர் ஒருவர். 1987-இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில் இந்நட்பை அவர் விரிவாக எழுதியுள்ளார். பாகல்பூரில் வேறொரு வட்டம் இருந்தது. அங்கே வழக்கறிஞராயிருந்த உபேந்திரநாத் கங்கோபாத்யாயர் இல்லத்தில் மாலைதோறும் இலக்கியம் பேசுவோர் கூடுவர். சரத்சந்திரருக்கு உறவுமுறையில் மாமனாகிய இவர், எழுத்தை மதித்தறியும் கண் உடையவர். அக்கூட்டத்திற்கு ஓசையின்றி வந்து ஒரு புறம் அமர்ந்து செல்பவராக விபூதிபூஷண் இருந்தார் என்பர்.

இக்கேட்பினர் யார் என்பதை ஏன் வற்புறுத்துகிறோம் எனின், இவர்கள் அனைவரும் ஊரைப் பிரிந்தவர்கள். அபுவின் ஊரைப் படிக்கும்போது தத்தம் ஊரைப் படித்தவர்கள். நாவலின் மூன்றாம் பகுதி எதைப் பற்றியதோ அந்நிலையிலேயே வாழ்ந்துகொண்டிருந்தவர்கள். அவர்களுக்கு அப்பகுதி மிகையாகத் தோன்றியிருக்க இயலாது.

நூல் உருவான காலத்து நிகழ்ச்சியாக வழங்கும் செய்தியொன்று உண்டு. விபூதிபூஷண் தாமே பிற்காலத்தில் நண்பரிடம் கூறியதாக அறிகிறோம். முதற்படியில் துர்கா என்னும் பாத்திரமே இல்லை. அபு மட்டுமே இருந்தான். ஒருநாள் பாகல்பூரில் சிற்றூர்ச் சிறுமியொருத்தியை வழியிற் கண்டார். எண்ணெய் காணாத கூந்தல் காற்றிற் பறக்க அவள் நின்ற தோற்றம் அவர் உள்ளத்திற் பதிந்துவிட்டது. இவள் வராமல் இந்நாவல் நிறைவுறாது என்று கருதி, எழுதியதை விலக்கி மீண்டும் எழுதினார் என்பது செய்தி. நிகழ்ச்சியின் ஒவ்வொரு கூறும் உண்மையோ, நினைவில் மெருகேறியதோ, அதைப் பற்றி நாம் வழக்காடவில்லை. துர்கா பின்னரே வந்தாள் என்பதே நமக்கு வேண்டுவது. அவள் இல்லாத முதற்படியை எண்ணிப் பார்த்தால் அதில் அபு ஊரைப் பிரிவது வெறும் இடப்பெயர்ச்சியாகவே இருந்திருக்கும். துர்கா வந்தபின்னர்தான் பின்னால் விட்டுச்செல்ல ஓர் உயிர் உண்டாயிற்று. அவள் இறந்து அந்த மண்ணிலேயே கிடக்கிறாள், குடும்பம் போகிறது.

உபேந்திரநாத் பின்னர்க் கல்கத்தா சென்று 1927-இல் 'விசித்ரா' என்னும் திங்களிதழைத் தொடங்கினார். இரவீந்திரநாதரின் 'யோகாயோகம்' அவ்விதழில் தொடர்ந்து வெளிவந்தது. அத்தகைய ஓர் இதழில், நாவலாசிரியராக எவரும் அறியாத ஒருவரின் முதல் நாவலுக்கு இடமளித்தது சிறு துணிவன்று. 1928 முதல் 1929 வரை 'பதேர் பாஞ்சாலி' விசித்ராவில் திங்கள்தோறும் வந்தது. நூலாக்கும் பொறுப்பை 'சனிபாரேர் சிட்டி' இதழோடு தொடர்புடைய சஜனிகாந்த தாசர் ஏற்றார். கடுமையான எள்ளல் திறனாய்வுக்குப் பெயர்பெற்ற கூட்டம் அது. புதிய எழுத்தாளர் பலரைக் கீறியெடுத்தது. அக்கூட்டத்தைச் சேர்ந்தவரே இந்நூலை உவந்து பதிப்பித்தார் என்பது இலக்கிய வரலாற்றின் இனிய முரண்களுள் ஒன்று.

தொடராகவும் நூலாகவும் வந்த இவ்விரு வடிவிலும் மூன்று பகுதிகளும் இருந்தன. பகுதிப் பெயர்களைச் சற்று விரித்துரைத்தல் இன்றியமையாதது. ஏனெனில் நாவலின் அமைப்பு அப்பெயர்களில் அடங்கிக் கிடக்கிறது. முதற்பகுதியின் பெயர் 'வல்லாளன் கொணர்ந்த கேடு' என்னும் பொருள் தருவது. சேனர் குல வேந்தன் வல்லாளசேனன் ஏற்படுத்தியதாக மரபு கூறும் குலீன முறையால், உயர்குல அந்தணர் பல மனைவியரை மணந்து எவரையும் பேணாது விட்ட வழக்கம் வங்கத்தில் இருந்தது. அவ்வழக்கத்திற்கு இரையான முதியவள் இந்திர் தாக்ருண், ஹரிஹரர் வீட்டில் அண்டி வாழ்ந்து, புறக்கணிக்கப்பட்டு இறக்கிறாள். பழையதொரு காலம் அவளோடு முடிகிறது. இரண்டாம் பகுதி 'ஆம் ஆட்டிர் பேப்பு', அஃதாவது மாங்கொட்டை ஊதல். முளைத்த மாங்கொட்டையைத் தேய்த்து ஊதுகுழலாக்கிச் சிறுவர் ஊதுவது. நம் நாட்டுச் சிறுவரும் பூவரசிலையைச் சுருட்டிப் பீப்பி ஊதுவர். அபு, துர்கா இருவரின் சிறுபருவம் முழுதும் இப்பகுதியில் அமைகிறது.

மூன்றாம் பகுதிக்கு ஆசிரியர் இட்ட பெயர் 'அக்ரூர சம்வாதம்'. பாகவதம் அறிந்தார்க்கு இப்பெயர் போதும். கம்சன் ஏவலால் அக்ரூரன் தேரோடு வந்து கண்ணனைக் கோகுலத்திலிருந்து மதுரைக்கு அழைத்துச் செல்கிறான். ஆய்ச்சியர் தேரின் முன் நின்று அரற்றுகின்றனர். தேர் போய்விடுகிறது, கண்ணன் திரும்பி வருவதில்லை. வங்கத்தில் வைணவப் பாடல்களும் யாத்திரை நாடகங்களும் இப்பிரிவை ஆயிரம் முறை பாடியுள்ளன. கதகர் மகனாகிய விபூதிபூஷண் இப்பெயரைத் தற்செயலாக எடுத்தாரல்லர். பாகவதத்தில் பிரிவுத் துயர் பின்னே நின்ற ஆய்ச்சியருக்கு உரியது. இந்நாவலிலோ அத்துயர் தேரேறிப் போன சிறுவனுக்கு உரியதாகிறது. கோகுலத்தை மறவாத கண்ணனைப் பாட முற்பட்டார் இவ்வாசிரியர். இம்மாற்றம் பகுதிப் பெயரை நோக்கினாலன்றி விளங்காது.

அப்பகுதியின் நிகழ்ச்சிகள் சில. குடும்பம் காசியிற் குடியேறுகிறது. ஹரிஹரர் நோயுற்று இறக்கிறார். தாய் சர்வஜயா செல்வர் இல்லமொன்றில் சமையற்பணி செய்கிறாள். சொந்த ஊரில் வறுமையிலும் தலைநிமிர்ந்து நின்றவள், இங்கே பிறர் வீட்டுக் கீழ்க்கட்டில் ஓர் அறையில் ஒடுங்குகிறாள். அவ்வீட்டுச் சிறுமி லீலா அபுவிடம் அன்பு காட்டுகிறாள். எனினும் அபுவின் உள்ளம் நிச்சிந்திபுரத்தையே சுற்றிக்கொண்டிருக்கிறது. இறுதியில் தன்னை அவ்வூருக்கு மீளக் கொண்டு சேர்க்குமாறு அவன் இறைவனை வேண்டுகிறான். அதற்கு விடையாக, வழிகளுக்கெல்லாம் தெய்வமாகிய ஒன்று முறுவலித்து, உன் வழி அவ்வூர் எல்லையோடு முடியவில்லை, அது முன்னோக்கிச் செல்வது என உணர்த்துவதாக நாவல் நிறைவுறுகிறது. நூற்பெயர் 'வழியின் பாஞ்சாலி' என்று ஏன் அமைந்தது என்பதற்கும் இங்கேதான் விடை கிடைக்கிறது. பாஞ்சாலி என்பது ஈண்டுத் துருபதன் மகளன்று. வங்கத்தில் தெய்வக் கதையை இசையோடு நெடிது பாடும் பாட்டுவகை. எந்தத் தெய்வத்தின் பாஞ்சாலி என்னும் வினாவுக்கு இறுதிப் பக்கமே விடை தருகிறது. அப்பக்கம் இல்லாத பதிப்பில் நூற்பெயர் பொருளிழந்து நிற்கிறது.

இனி, உதிர்ந்த வரலாற்றைக் காண்போம். 1940-களின் நடுவில் கல்கத்தாவில் சிக்னெட் பதிப்பகத்தை நடத்திய திலீப்குமார் குப்தர், சிறுவர் படிப்பதற்கெனச் சுருக்கப் பதிப்பொன்று வெளியிட்டார். இரண்டாம் பகுதியின் பெயராகிய 'ஆம் ஆட்டிர் பேப்பு' என்பதே அச்சுருக்கத்தின் பெயராயிற்று. சிறுவருக்குச் சிறுபருவமே உவக்கும் என்பது பதிப்பாளர் கருத்து, அதில் தவறில்லை. அதற்குப் படம் வரைந்தவர் விளம்பர நிறுவனமொன்றில் ஓவியராயிருந்த இளைஞர் சத்யஜித் ராய். இந்நாவலை அவர் நன்கறிந்தது அப்போதுதான். திரைப்படத்திற்கு இச்சுருக்கம் ஏற்றது என்று குப்தர் அவரிடம் கூறியதாக ராய் பதிவு செய்துள்ளார். புயல் இரவில் உடன்பிறந்தார் ஒடுங்கியிருத்தல் முதலாக அவர் நூலுக்கு வரைந்த காட்சிகள் பின்னர்த் திரையில் உயிர்பெற்றன. இது நாம் ஊன்றிக் கருதற்பாலது. உலகப் புகழ்பெற்ற அத்திரைப்படத்தின் வித்து முழுநாவலன்று. ஒரு சிறுவர் சுருக்கம்.

1950-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் விபூதிபூஷண் காட்சிலாவில் இறந்தார். அவர் மனைவியாரிடம் இசைவு பெற்று ராய் 1952 அக்டோபரில் நாணல் வெளிக் காட்சியோடு படப்பிடிப்பைத் தொடங்கினார். பணமுடையால் பலமுறை நின்றது. இறுதியில் மேற்கு வங்க அரசின் பொருளுதவியால் முடிந்தது. பெயரில் 'வழி' இருந்தமையால் சாலை மேம்பாட்டுக் கணக்கில் அப்பொருள் எழுதப்பட்டது என்பது பலரறிந்த நகைச்சுவைச் செய்தி. 1955 மே 3-ஆம் நாள் நியூயார்க் நவீனக் கலைக் காட்சியகத்திலும், அவ்வாண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள் கல்கத்தாவிலும் படம் திரையிடப்பட்டது. 1956-இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த மானிட ஆவணம் என்னும் பரிசைப் பெற்றது. அதன் கலைச்சிறப்பை நாம் ஐயுறவில்லை. நாவலிலிருந்து அது எவ்வாறு பிரிகிறது என்பதே நம் வினா. மூன்று மாற்றங்களைக் கூறினாற் போதும்.

நாவலில் துர்கா அண்டைவீட்டில் எடுத்தது பொன்னாலான குங்குமச் சிமிழ். அவள் இறந்தபின் ஊரைவிட்டுப் புறப்படும் நாளில் அபு அதைக் கண்டெடுத்து மூங்கிற் புதருள் எறிகிறான். அது மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். படத்தில் அது மணிமாலையாகிறது. குளத்தில் வீழ்ந்து, பாசி விலகி மீண்டும் மூடிக்கொள்கிறது. இம்மாற்றத்தை நாம் குறைகூற மாட்டோம். சொல்லில் இயல்வது வேறு, காட்சியில் இயல்வது வேறு. பாசி மூடுதல் ஒரு தம்பி தன் தமக்கையின் பழியை மூடுதலாகவே நின்று விளங்குகிறது.

புகைவண்டி பற்றியது இரண்டாவது. படத்தில் இருவரும் நாணல் வெளியைக் கடந்து இருப்புப்பாதைக்கு ஓடுகின்றனர். துர்கா இடறி வீழ, அபு வண்டியை அருகிற் காண்கிறான். நாவலில் இருவரும் ஒருநாள் இருப்புப்பாதை தேடிச் சென்று வழிதவறித் திரும்புகின்றனர். துர்கா புகைவண்டியைக் காணாமலே இறக்கிறாள். நோயிற் கிடக்கும்போது, உடல் தேறியதும் தனக்குப் புகைவண்டியைக் காட்டுமாறு தம்பியிடம் கேட்கிறாள். அவ்வேண்டுகோளை நிறைவேற்றும் பேறு அபுவுக்குக் கிட்டவில்லை. பின்னர் அவன் முதன்முறை புகைவண்டியேறுவது அவளையும் ஊரையும் பிரியும் நாளில். வண்டி நகரும்போது தமக்கை பின்னே தனித்து நின்று நோக்குவதாக அவனுக்குத் தோன்றுகிறது. அக்ரூரன் தேராக விபூதிபூஷண் கொண்டது இப்புகைவண்டியையே. படத்தில் புகைவண்டி வியப்பின் சின்னம். நாவலில் அது கடன் தீராமையின் சின்னம். மூன்றாம் பகுதி முழுவதும் அக்கடனையே சுமந்து செல்கிறது.

மூன்றாவது மாற்றம் முடிவு. மாட்டுவண்டியில் குடும்பம் செல்வதோடு படம் நின்றுவிடுகிறது. காசி நிகழ்ச்சிகள் 1956-இல் வந்த 'அபராஜிதோ' என்னும் இரண்டாம் படத்திற்குச் சென்றன. ஆகவே மூன்றாம் பகுதியின் நிகழ்ச்சிகள் திரையில் அழிந்தன என்று கூறுதல் பொருந்தாது, அவை இடம்பெயர்ந்தன. ஆயின் இடம்பெயர்ந்தபோது அவற்றின் பொருள் மாறிற்று. நாவலில் காசி, நிச்சிந்திபுரத்தை நினைந்து வருந்தும் இடம். படத்தில் காசி, வளரும் சிறுவன் கல்வி நோக்கிச் செல்லும் வழியில் ஒரு தங்கல்.

1968-இல் கிளார்க், தாராபத முகர்ஜி இருவரும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு யுனெஸ்கோ வரிசையில் வெளிவந்தது. கிளார்க் இலண்டனில் வங்கமொழி கற்பித்த அறிஞர். மொழிபெயர்ப்பு நயமானது, செடி கொடிகளின் பெயர்களிற்கூட உழைப்பு தெரிகிறது. எனினும் அதுவும் ஊரைப் பிரிவதோடு முடிகிறது. அவ்விடத்தில் முடிவதே கலையமைதிக்கு ஏற்றது என்பது கிளார்க்கின் கருத்து. மூன்றாம் பகுதியில் நடை சிறிது தளர்கிறது என்பதை நாமும் மறுக்கவில்லை. சிற்றூர் இயற்கை மறைந்ததும் ஆசிரியரின் எழுதுகோல் சில இடங்களில் வறண்டுபோகிறது. செல்வர் வீட்டு மாந்தர் சிலர் நிழலுருவாகவே நிற்கின்றனர். ஆனால் ஒரு பகுதி தளர்வுடையது என்பது வேறு, அது நூலுக்கு வேண்டாதது என்பது வேறு. முன்னதைக் கூறத் திறனாய்வாளருக்கு உரிமை உண்டு. பின்னதைச் செய்ய மொழிபெயர்ப்பாளருக்கு உரிமை உண்டோ என்பது ஐயத்திற்குரியது. தமிழ்நாட்டில் ஆங்கிலவழி இந்நாவலைக் கற்பார் பலரும் இவ்வடிவையே முழுநூலாகக் கொண்டனர். நாம் மேலே கூறிய நம் பிழைக்கும் இதுவே காரணம்.

இப்பகுதி ஏன் வேண்டும்? இழந்த இளமையையும் பிரிந்த ஊரையும் எண்ணி வருந்தும் உணர்வை நினைந்திரங்கல் என்போம். இவ்வுணர்வுக்கு இரு முனைகள் உண்டு. இனியதாயிருந்த அன்று ஒன்று. அதனை இழந்து நிற்கும் இன்று மற்றொன்று. தமிழில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, தொடித்தலை விழுத்தண்டினார் பாடிய புறநானூற்று 243-ஆம் பாட்டு. மணற்பாவை செய்து மகளிரோடு ஆடியதும், மரக்கிளையிலிருந்து ஆழ்ந்த மடுவிற் குதித்து அடிமணலை அள்ளி வந்ததும் ஆகிய இளமைக் களிப்பு அப்பாட்டின் பெரும்பகுதியாக அமைகிறது. முதுமையும் இருமலும் கைத்தடியும் இறுதியிற் சில சொற்களில் வருகின்றன. அச்சில சொற்களை நீக்கிவிடின் எஞ்சுவது என்ன? இனியதொரு நீர்விளையாட்டு வருணனை எஞ்சும், நினைந்திரங்கல் எஞ்சாது. புலவரின் பெயரே அக்கைத்தடியாற் பெற்ற பெயரன்றோ? பாட்டை முதலிற் போற்றியவர்கள் எச்சொல்லை அதன் உயிராகக் கருதினர் என்பது இதனால் தெளிவாகும்.

'பதேர் பாஞ்சாலி'யின் கைத்தடி அதன் மூன்றாம் பகுதி. அதனை நீக்கிய வடிவங்களில் அபு எதையும் நினைந்திரங்குவதில்லை. அவன் வண்டியில் ஏறியிருக்கிறான், அவ்வளவே. இரங்குபவர் நாம். படிப்போரின் இரக்கம் பாத்திரத்தின் இரக்கத்திற்கு ஈடாக வைக்கப்பட்டுவிட்டது. இதனால் இந்நூலுக்கு ஒரு பெயரும் வந்து சேர்ந்தது. சிற்றூர் வாழ்வின் இன்பத்தைப் பாடும் நூல் என்றும், ஏக்கத்தை இனிமையாக்கித் தரும் நூல் என்றும் பலர் எழுதினர். முழுநூலைக் கற்றவர் அவ்வாறு எழுத ஒருப்படார். தன் ஊருக்கு மீள வேண்டும் என்னும் சிறுவனின் வேண்டுகோளை அந்நூலே மறுக்கிறது. ஏக்கத்தை அத்துணை ஆழமாக எழுப்பிவிட்டு, அதற்கு இணங்காமல் வழியைக் காட்டி நிற்கிறது. அம்மறுப்பே இதனை வெறும் பழநினைவுக் கதையாகாமல் ஒரு சிறுவன் வளர்ந்த கதையாக்குகிறது. பிறர் கைக்கு மாறுந்தோறும் முதலில் உதிர்ந்தது அம்மறுப்பே என்பது வருந்தத்தக்கது, வியப்பன்று. இனிய நூலொன்றை நண்பருக்குத் தருவோர் அதன் இனிமையையே முன்வைப்பர்.

தமிழில் இந்நாவலைத் தந்தவர் 'நாகம்மாள்' (1942) ஆசிரியர் ஆர். சண்முகசுந்தரம். கொங்குநாட்டுச் சிற்றூரை அதன் பேச்சோடும் மண்ணோடும் நாவலாக்கிய ஒருவர், நிச்சிந்திபுரத்தைத் தமிழுக்குக் கொணர முன்வந்தது பொருத்தமே. 'ஆரண்யக்' நாவலை 'வனவாசி' என்னும் பெயரில் த. நா. சேனாபதி மொழிபெயர்த்தார். இவ்விருவரின் தமிழ்நடையையும் ஒப்பிட்டு, விபூதிபூஷணின் செடி கொடிப் பெயர்கள் தமிழில் என்னவாயின என்று ஆராய்தல் தனியொரு பட்ட ஆய்வுக்கு உரிய பொருள். வங்கமொழி கற்ற மாணவர் எவரேனும் அதனை மேற்கொள்வாராயின் மகிழ்வோம்.

இனி ஒன்று கூறி அமைவோம். இந்நாவலின் தொடர்ச்சியாக விபூதிபூஷண் 'அபராஜித'னை எழுதினார். 1932-இல் அது நூலாயிற்று. அதன் இறுதியில், தாயையும் மனைவியையும் இழந்து வளர்ந்துவிட்ட அபு, தன் மகன் காஜலை அழைத்துக்கொண்டு நிச்சிந்திபுரத்திற்கு வருகிறான். இருபதாண்டுகளுக்கு மேல் கழிந்தபின் வரும் வருகை அது. தான் தங்க அவன் வரவில்லை. சிறுவயதில் தன்னோடும் துர்காவோடும் விளையாடிய ராணுவிடம் மகனை விட்டுவிட்டு அவன் தொலைநாடு செல்கிறான். தந்தைக்கு மறுக்கப்பட்ட ஊர் மகனுக்குக் கிடைக்கிறது. அபு திரிந்த அதே தோப்புகளில் காஜல் திரியத் தொடங்குகிறான். 1959-இல் வந்த மூன்றாம் திரைப்படத்தின் இறுதியில் காஜல் தந்தையின் தோள்மேல் ஏறிச் செல்கிறான். அப்படங்கள் மூன்றிலும் அபு நிச்சிந்திபுரத்திற்குத் திரும்புவதே இல்லை.